ஊரடங்கும் ஒரு கடைவாய்ப் பல்லும்

கொரோனாவின் வரலாறு என்று என்றாவது ஒரு நாள் யாராவது தலையணை சைஸில் ஒரு புத்தகம் போடத்தான் போகிறார்கள். அதில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். ரெம்டெசிவிர் வாங்க கீழ்ப்பாக்கத்தில் நின்ற கியூ இருக்கும். வட மாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நடந்து போனது இருக்கும். தட்டு தட்டியதும் விளக்கு ஏற்றியதும் இருக்கும். பல்வலி இருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சிரிக்காதீர்கள். இந்தக் கட்டுரை பல்வலியைப் பற்றித்தான். 2020ல் பத்தாம் வகுப்புப் பரீட்சையே எழுதாமல் ஆல் பாஸ் ஆன அதிர்ஷ்டக்காரக் கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது பி.காம். பல் மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் என் வாயில் இருக்கும் பற்கள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில், அதாவது காட்டூரிலும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ கிராமங்களிலும், "கொரோனா வந்துச்சு, போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள்கூட, "அப்போ எனக்கு ஒரு பல்வலி வந்துச்சு பாரு..." என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்கு நிறுத்துவதில்லை. அது ஏன் என்று தேடிக்கொண்டு போனதில் கிடைத்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. புள்ளியியல் பேப்பருக்குப் படிக்கும்போது ஜான் கிரான்ட் என்ற பெயர் கண்ணில் பட்டது. 17ம் நூற்றாண்டு லண்டனில் நூல், பொத்தான் வகையறா விற்ற வியாபாரி. (காமர்ஸ்காரர் என்று நாம் தாராளமாக உரிமை கொண்டாடலாம் :-) ) அந்த ஊரில் வாராவாரம் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று ஒரு சாவுக் கணக்கை அச்சடித்து விற்பார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துக் கூட்டிக் கழித்து 1662ல் ஒரு புத்தகம் போட்டார் கிரான்ட். மக்கள்தொகைப் புள்ளியியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அந்தச் சாவுக் கணக்குகளில் பிளேக், காய்ச்சல், அம்மை என்று போகும் வரிசையில் ‘பல்’ என்றும் ஒரு வரி உண்டு. 1665ல் லண்டனைப் பெரிய பிளேக் துடைத்துப் போட்ட வாரங்களின் கணக்கிலும் அந்த வரி இருக்கிறது. பல் முளைக்கும் வயதில் இறந்த குழந்தைகளையும் அதே தலைப்பில் போட்டுவிட்டார்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கொள்ளைநோய்க்கு நடுவில் பல்லுக்கென்று ஒரு வரி ஒதுக்கியிருந்தார்களே, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் காலத்தில் தினமும் சாயங்காலம் வந்த சுகாதாரத் துறை புல்லட்டினில் அப்படி ஒரு வரி கிடையாது.

சரி, 2020க்கு வருவோம். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பால், மளிகை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு விலக்கு. ஆஸ்பத்திரிக்கு விலக்கு என்றால் பல் டாக்டருக்கும் விலக்குதானே? காகிதத்தில் ஆமாம். தெருவில் பார்த்தால் பெரும்பாலான பல் கிளினிக்குகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. இதற்காக அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. பிரச்சனை அவர்கள் கையில் இருந்த கருவியில் இருந்தது.

பல் டாக்டரின் அறையில் ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, கேட்ட உடனே பாதி உயிர் போகுமே, அதுதான் ஏரோட்டார். 1957ல் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கொண்டுவந்தது. காற்றழுத்தத்தில் நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்று என்ற கணக்கில் சுழலும். சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றுவது சுலபமானதற்கு இந்தக் கருவி ஒரு பெரிய காரணம். ஆனால் அந்த வேகத்தில் பல் சூடேறிவிடும் என்பதால் கூடவே தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். அந்தத் தண்ணீர் எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து, கண்ணுக்குத் தெரியாத தூவானமாக அறை முழுக்க மிதக்கும். எச்சிலிலேயே வைரஸ் இருக்கும் ஒரு நோய்க் காலத்தில், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து வேலை செய்ய வேண்டும். யாருக்குத்தான் தைரியம் வரும்?

வூகான் பல்கலைக்கழகப் பல் மருத்துவமனையின் டாக்டர்கள் 2020 மார்ச்சிலேயே தங்கள் அனுபவத்தை எழுதிவிட்டார்கள். அவர்களில் 9 பேருக்குத் தொற்று வந்திருந்தது. ஜனவரி 24க்குப் பிறகு 169 பேர் கொண்ட குழு, அவசரமானவர்கள் என்று 700க்கும் மேற்பட்டவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தது. இங்கிலாந்தில் மார்ச் 25 அன்று சாதாரணப் பல் சிகிச்சை முழுக்க நிறுத்தப்பட்டு, ஜூன் 8க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. நடுவில் அங்கே பல் டாக்டர்கள் போனில் சொன்னது மூன்றே மூன்று: அறிவுரை, வலி மாத்திரை, ஆன்டிபயாடிக். அந்த ஏப்ரல் முதல் ஜூலை வரை இங்கிலாந்துப் பல் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 25 சதவீதம் அதிகம் என்று பின்னால் கணக்கு வந்தது. இதில் ஒரு கோணல் இருக்கிறது. செத்துப்போன பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை ரத்தத்தில்தான் போகும். ஆக வீக்கம் வற்றும், காரணம் உள்ளேயே இருக்கும். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கிளம்பும். கடனை அடைக்காமல் வட்டி மட்டும் கட்டுகிற மாதிரி.

நம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது 2020 மே 19ல். கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்றால் கிளினிக் மூடியிருக்க வேண்டும், போனில் மட்டும் ஆலோசனை. சிவப்பு மண்டலம் என்றால் அவசரச் சிகிச்சை மட்டும். ஆரஞ்சு, பச்சை மண்டலம் என்றால் அவசரமும் உடனடித் தேவையும். சும்மா சுத்தம் செய்வது, அழகுக்குச் செய்வது எல்லாம் தள்ளிவைக்கவும். வாய்ப்புற்று நோய்க்கான பரிசோதனையைக்கூடத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். புகையிலை போடுகிறவர்கள் நிறைந்த கடலோரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எது ‘அவசரம்’? நிற்காத ரத்தப்போக்கு, வேகமாகப் பரவும் வீக்கம், முக எலும்பு முறிவு, மாத்திரைக்கு அடங்காத கடும் வலி. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே பட்டியல்தான். படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. உயிர் போகுமா என்ற ஒரே கேள்வியை வைத்துப் போட்ட பட்டியல் அது. பல்வலிக்காரனின் பட்டியல் வேறு. தூங்க முடிகிறதா, சாப்பிட முடிகிறதா, வீட்டில் இருக்கிறவர்களிடம் கத்தாமல் பேச முடிகிறதா?

இந்த இடத்தில் எங்கள் பகுதியின் பூகோளத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். பழவேற்காடு சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். பெரிய தூரமே இல்லை. ஆனால் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். சென்னை என்பது இன்னொரு மாவட்டம். சாதாரண நாட்களில் இந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. வயசானவர்கள் "பல்லாஸ்பத்திரி" என்றால் அதுதான்.

2020ல் அந்தக் கோடு திடீரென்று மதில் சுவராகிவிட்டது. மார்ச் 22 மக்கள் ஊரடங்கோடு மின்சார ரயில் நின்றது. ஜூன் 1ம் தேதி தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் பஸ் ஓட ஆரம்பித்தபோதும் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கிலும் ஓடவில்லை. சென்னைக்குள் போக இ-பாஸ். திருவள்ளூர் மாவட்டம் மே தொடக்கத்திலேயே சிவப்பு மண்டலப் பட்டியலில் இருந்தது. ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழு ஊரடங்கு போட்டபோது அதில் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சிகளும் சேர்ந்தன. அதாவது எங்கள் ஆட்கள் வைத்தியத்துக்குப் போகும் அத்தனை ஊரும். செப்டம்பரில்தான் இ-பாஸ் தொல்லை ஒழிந்து பஸ் வந்தது. மின்சார ரயிலில் பொதுமக்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது டிசம்பர் 23ல், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும். கூட்டிப் பாருங்கள், ஒன்பது மாதம்.

இ-பாஸ் விண்ணப்பத்தில் காரணம் கேட்பார்கள். மரணம், திருமணம், மருத்துவம். மருத்துவம் என்றால் ஆவணம் இணைக்க வேண்டும். பல்வலிக்கு என்ன ஆவணம் இருக்கிறது? வீங்கின கன்னத்தை போட்டோ எடுத்து அப்லோடு செய்வதா?

இப்போது வலிக்கு வருகிறேன். உடம்பில் வேறு எங்கே அடிபட்டாலும் அந்த இடம் வீங்கும். வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு அந்த வசதி இல்லை. நாலு பக்கமும் கல் மாதிரிச் சுவர். உள்ளே வீக்கம் வந்தால் அழுத்தம் முழுக்க நரம்பின் மேல். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் அழுத்தம் இன்னும் ஏறும். பல்வலி ராத்திரியில் ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதுதான் காரணம். பகலில் ‘இன்னைக்குப் பரவாயில்லையே’ என்று தோன்றும். பதினோரு மணிக்கு விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். அப்புறம் விடிகிறவரை தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே கிடக்க வேண்டியதுதான். சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வழி கண்டுபிடித்தால் வலி சட்டென்று குறையும். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லாக இருந்து, அது நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைக்கும். 1836ல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கிரான்டின் கணக்கில் ‘பல்’ என்று வந்ததில் கொஞ்சமாவது இதுவாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வாய் நோவு ஒரு மனிதனின் அன்றாடத்தை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாளே இருக்கிறது. ஓ.எச்.ஐ.பி-14 என்று பெயர். கேரி ஸ்லேட் என்பவர் 1997ல் சுருக்கித் தந்தது. 14 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 56. இதில் மட்டும் மார்க் குறைந்தால்தான் நல்லது. வலி இருந்ததா என்று கேட்பது ஒரே கேள்விதான். மற்றவை எல்லாம் வேறு மாதிரி. சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்களா, கூச்சமாக இருந்ததா, மனசு இறுக்கமாக இருந்ததா, மற்றவர்கள் மேல் எரிந்து விழுந்தீர்களா, வழக்கமான வேலையைச் செய்ய முடிந்ததா, வாழ்க்கையே சுவை குறைந்து போனதா என்று போகும். கொரோனா காலத்தில் பல நாடுகளில் பல்வலிக்காரர்களின் நிலையை ஆராய இந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள்.

அந்தக் கேள்விகளை 2020 மே மாதத்து வீடு ஒன்றில் வைத்துப் பாருங்கள். இரண்டு அறை, ஏழு பேர், எல்லோரும் நாள் முழுக்க உள்ளே. மீன்பிடிக்க ஏப்ரல் 10ல் விலக்கு கொடுத்துவிட்டார்கள்தான். ஆனால் பிடித்த மீனை வாங்க சென்னை வியாபாரி வரவில்லை. ரேஷன் கார்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் கரைந்து எத்தனையோ நாளாகிவிட்டது. டிவியைப் போட்டால் சாவு எண்ணிக்கை. இதற்கு நடுவில் ஒருவருக்கு ராத்திரித் தூக்கம் இல்லை என்றால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. நோய்ப் பயமும் பல்வலியும் தனித்தனியாக இருக்கவில்லை. தூக்கமில்லாதவனுக்குப் பயம் இரட்டிப்பாகும். பயந்தவனுக்கு வலி இரட்டிப்பாகும்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. கீழ்த்தாடை, கடைசிக்கு முந்தின பல். இரண்டு வாரம் கஞ்சிதான் சாப்பாடு. கிராம்பை நசுக்கி வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். நாங்கள் யாராவது ஆஸ்பத்திரிப் பேச்செடுத்தால் அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "ஊரே செத்துக்கினு கீது, இன்னாடா நீ, பல்லுன்னு போய் நிக்கச் சொல்றே?" அவருக்கு வலியைவிடப் பெரிய விஷயம் வெட்கம். ஊர் உலகமே மூச்சுக்குத் திண்டாடும்போது தன் பல்லைத் தூக்கிக்கொண்டு போவது கேவலம் என்று நினைத்தார். கூடவே பயம். போனால் மூக்கில் குச்சி விடுவார்கள், பாசிட்டிவ் என்று வந்தால் தெருவையே கட்டை வைத்து அடைப்பார்கள், அப்புறம் அவரிடம் யார் மீன் வாங்குவார்கள்? (மாஸ்க் போட்டதால் வீங்கின கன்னம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அந்த மாஸ்க்கால் அவருக்குக் கிடைத்த சந்தோஷம்.)

மாத்திரை விஷயத்திலும் அந்த வருஷம் ஒரு குழப்பம் நடந்தது. பல்வலிக்கு நன்றாகக் கேட்கும் மருந்துகளில் ஒன்று இபுபுரோஃபன். 2020 மார்ச் 14ல் பிரான்ஸின் சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான், கொரோனாவுக்கு அது ஆகாது, பாராசிட்டமால் போதும் என்று ட்விட்டரில் எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது. நாலே நாளில் உலக சுகாதார நிறுவனம், அதைத் தவிர்க்கச் சொல்ல ஆதாரமில்லை என்றது. முதல் செய்தி வாட்ஸ்அப்பில் எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. இரண்டாவது வரவில்லை. வழக்கம்தானே! சரி, பாராசிட்டமாலாவது வாங்கலாம் என்றால், ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்களின் விவரத்தைக் குறித்து வைக்க ஏப்ரலில் மருந்துக் கடைகளுக்கு உத்தரவு. இந்தப் பக்கமும் அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது, மெடிக்கல் ஷாப்பில் பல்வலிக்கு மாத்திரை கேட்பவர்கள் இரண்டு தடவை யோசிக்க.

கடைசியில் பெரியப்பா போனது, மீன் ஏற்றும் குட்டியானையில். மீன் வண்டிக்கு அத்தியாவசியப் பொருள் அனுமதி இருந்தது, பல்லுக்கு இல்லை. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பொன்னேரிப் பக்கம் போய், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னாராம், நல்ல நாளாக இருந்தால் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றியிருக்கலாம் என்று.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வேர் சிகிச்சைக்கு ஏரோட்டார் வேண்டும். அது தூவானம். பிடுங்குவதற்குக் குறடு போதும், தூவானம் இல்லை. அதனால் அந்த மாதங்களில் பல இடங்களில், காப்பாற்றக்கூடிய பல்லும் பிடுங்கப்பட்டது. பெய்ஜிங்கில் ஒரு பல் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எடுத்த கணக்கு: 2020 பிப்ரவரித் தொடக்கத்தில் வந்த நோயாளிகள் முன்பைவிட 38 சதவீதம் குறைவு. ஆனால் வந்தவர்களில் சீழ், வீக்கம் என்று வந்தவர்கள் 51 சதவீதத்திலிருந்து 71.9 சதவீதமாக ஏறியிருந்தார்கள். அடிபட்டுப் பல் உடைந்து வந்தவர்கள் 14.2லிருந்து 10.5 ஆக இறங்கியிருந்தார்கள். வெளியே போனால்தானே விழுவதற்கு! ஆக, தாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். முற்றிப் போனவர்கள் மட்டும் வந்தார்கள்.

நகரத்து ஆட்கள் இதை ஒரு பெரிய பின்னடைவாகப் பார்த்தார்கள். அறுபது வருஷம் பின்னால் போய்விட்டோம் என்று. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் அவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பல் வைத்தியம் என்றால் இதுதான். வலி வந்தால் பொறு. பொறுக்க முடியாமல் போனால் போ. போனால் பிடுங்கு.

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம் கிராமங்களில் முடிதிருத்தும் சமூகத்தினர்தான் வைத்தியமும் பார்த்தார்கள், கட்டி கீறுவதும் அவர்கள்தான். ஐரோப்பாவிலும் இதே கதை. 1613ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனியின் கப்பல்களில் வந்த வைத்தியர்கள், சவரமும் அறுவையும் ஒன்றாகக் கற்றவர்கள். பல் பிடுங்குவதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. 1918ல் இன்ஃப்ளூயன்ஸா வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோது இந்த நாட்டில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிகூடக் கிடையாது. முதலாவது 1920ல் கல்கத்தாவில், ரஃபியுதீன் அகமது தொடங்கியது. பல் மருத்துவர் சட்டம் 1948ல். சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாக 1953ல். இன்று சென்னையைச் சுற்றி எத்தனை பல் மருத்துவக் கல்லூரி என்று உங்களுக்கே தெரியும். டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸுக்கும் நேரத்துக்கும்தான் பஞ்சம்.

ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பார்த்தேன். (படிப்பு எதற்காவது உதவ வேண்டுமே.) அரசு ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குவது இலவசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையிலிருந்து போகிறவருக்கு ஒரு நாள் வலை போடுவது போச்சு. மூத்தவராக இருந்தால் கூட ஒருவர், அவருடைய ஒரு நாளும் போச்சு. பஸ், ரயில், சாப்பாடு தனி. பிடுங்க ஒரு தடவை போனால் போதும். வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று தடவை, தனியாரிடம் என்றால் மேலே சில ஆயிரங்கள், அப்புறம் கேப் போட வேண்டும். சின்னச் சொத்தையாக இருக்கும்போதே அடைத்திருந்தால் செலவே இல்லை. ஆனால் வலிக்காத பல்லுக்கு ஒரு நாள் வருமானத்தை எவர் கொடுப்பார்? பிடுங்குவதுதான் எல்லா வகையிலும் மலிவு. அதனால்தான் எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதில் பொக்கை வாய் என்பது அதிசயமில்லை. அதாவது ‘அவசரம் மட்டும்’ என்ற 2020 விதி, இங்கே உத்தரவு இல்லாமலே எப்போதும் அமலில் இருந்தது. ஊரடங்கு செய்ததெல்லாம், ஊரில் உள்ள அத்தனை பேரையும் சில மாதங்களுக்கு எங்கள் பெரியப்பாவின் வரிசையில் நிறுத்தியதுதான்.

இந்தப் பொறுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு 2021ல் வந்தது சோதனை. இரண்டாம் அலை. மே மாதம் கருப்புப் பூஞ்சை என்ற பெயர் வீடு வீடாக வந்தது. மியூகார்மைகோசிஸ் என்ற அந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அந்தப் பூஞ்சை மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பதுதான். கொரோனா, கட்டுக்கடங்காத சர்க்கரை, சிகிச்சையில் கொடுத்த ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த உடம்பில் அது உள்ளே நுழைந்தது. மூக்கு வழியாகப் போய்க் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸில் உட்காரும். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர் அந்த சைனஸுக்கு நேர் அடியில். அதனால் சிலருக்கு அது முதலில் பல்வலியாகத்தான் வந்தது. பல் ஆடியது, கன்னம் மரத்தது, அண்ணம் கறுத்தது. அப்போது ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட அறிகுறிப் பட்டியலிலேயே பல்வலியும் பல் ஆட்டமும் இருந்தன. மே 20ல் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலை 15 வரை நாடு முழுக்க 45,432 பேர் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள், அதில் 4,252 பேர் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் மேல்தாடையையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் தட்டு செய்து கொடுத்து, அவர்களைத் திரும்பச் சாப்பிடவும் பேசவும் வைத்தது பல் மருத்துவர்கள்தான்.

இந்த நோயில் ஒரு நாள் தாமதமும் பெரிய விஷயம். மருந்து ஆம்போடெரிசின், அதற்கும் அப்போது தட்டுப்பாடு. பல் ஆடுகிறது என்று அன்றே போனவருக்கும், கிராம்பு வைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போனவருக்கும் நடுவில் இருந்தது கண்ணாகவோ உயிராகவோ இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வருஷம் முழுக்க நாம் அவர்களுக்குச் சொன்னது என்ன? பல்வலிக்கெல்லாம் வராதே, வீட்டிலேயே இரு.

விந்தை என்னவென்றால் அதே 2021 மே மாதத்தில்தான் உலக சுகாதாரச் சபை வாய் நலத்துக்கென்று ஒரு தீர்மானம் போட்டது. அதையொட்டி 2022ல் வந்த அறிக்கையில், உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருப்பதாகக் கணக்கு. மனித குலத்தில் ஏறக்குறைய பாதி. இங்கே 2021 ஆகஸ்ட் 5ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. நல்ல திட்டம், எங்கள் பக்கத்துக்கும் வருகிறார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான கவனிப்பு என்று தொடங்கியபோது பட்டியல் போட்டார்கள். பல் அதில் இல்லை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வராது என்பது பல் டாக்டர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவதுதான். சர்க்கரை பார்க்க விரல் நுனியில் குத்தும்போதே, "கொஞ்சம் வாயைத் திறங்க பெரியவரே" என்று ஒரு டார்ச் அடித்துப் பார்க்க எத்தனை வினாடி ஆகும் என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் யாருக்காவது பல்வலி வந்ததா? என்ன செய்தீர்கள், எப்படிப் போனீர்கள், பல் மிஞ்சியதா என்று எழுதுங்கள். குறிப்பாக ஆந்திரா பக்கத்து ஏரிக்கரை நண்பர்கள். அடுத்ததாகப் பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறை பற்றி எழுத உத்தேசம். செமஸ்டர் முடியட்டும்.